தைப்பிங் ஏரிப் பூங்கா: ஈயக் குட்டையிலிருந்து பிறந்த ஏரியும் மலையடிவார நடையும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழுகிறது. கேமரன் மலைக்குப் போனால் சாலை நெரிசல். கடற்கரைத் தங்குவிடுதி என்றால் செலவு. வயதான பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்றால் யோசனை இன்னும் கூடுகிறது.

அதிகம் செலவில்லாமல், முதியவரும் பிள்ளைகளும் ஒன்றாக நடக்கக்கூடிய ஓர் இடம் பேராக் மாநிலத்தில் இருக்கிறது. அதுதான் தைப்பிங் ஏரிப் பூங்கா. ஒரு பக்கம் பழைய நகரம். மறுபக்கம் பிந்தாங் மலைத்தொடர். இடையில் மலையின் நிழல் விழும் ஏரிகள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

இந்த ஏரியைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன, எப்படி நடக்கலாம், எதில் கவனம் தேவை என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஈயம் தோண்டிய பள்ளங்கள்

இந்த ஏரிகள் இயற்கையாக உண்டானவை அல்ல. மனிதர்கள் மண்வெட்டி கொண்டு தோண்டிய பள்ளங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாருட் வட்டாரம் ஈயத்தால் பெயர் பெற்றது. லாருட் என்ற யானை காட்டுக்குள் ஓடிப் போய்த் திரும்பி வந்தபோது அதன் காலில் ஒட்டியிருந்த சேற்றில் ஈயம் இருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ஈயத்தைத் தேடி ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் இங்கே வந்தார்கள். கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு கூட்டத்தாரும் சுரங்கங்களுக்காக மோதிக் கொண்டார்கள். அவைதான் லாருட் போர்கள்.

1874-ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு சண்டை ஓய்ந்தது. கிளியான் பாவ் என்று அழைக்கப்பட்ட இடம் தைப்பிங் ஆனது. சீன மொழியில் அதற்குப் பெரும் அமைதி என்று பொருள். ரத்தம் சிந்திய மண்ணுக்கு அமைதி என்று பெயர் வைத்தார்கள்.

ஈயம் எடுத்து முடிந்த இடங்களில் பள்ளங்களும் மணல் மேடுகளும் மட்டுமே மிஞ்சின. நம் பெரியவர்கள் ஈய லம்பம் என்று சொல்வார்களே, அதே காட்சிதான். மழை பெய்து பள்ளங்களில் நீர் நிறைந்தது. 1880-ஆம் ஆண்டில் அந்தக் கைவிடப்பட்ட நிலத்தைப் பொதுப் பூங்காவாக மாற்றும் வேலை தொடங்கியது. இதை முன்னின்று செய்தவர் கர்னல் ராபர்ட் வாக்கர். பேராக் படைப்பிரிவின் தலைவராக இருந்தவர்.

1884-இல் புல், பூச்செடி, மரங்கள் நடப்பட்டன. மாடுகள் உள்ளே புகுந்து மேயாமல் இருக்க ஒரு பகுதிக்கு வேலியும் போட்டார்கள். மலாயாவில் உருவான முதல் பொதுப் பூங்கா இதுதான். ஏறக்குறைய 64 ஹெக்டர் பரப்பளவு. சிறிதும் பெரிதுமாகப் பத்து ஏரிகளும் குளங்களும் உள்ளன.

பழைய ஈயக் குட்டைகள் நம் நாட்டில் எத்தனையோ உண்டு. சில குப்பைமேடாகின. சில வீடமைப்புப் பகுதிகளாகின. தோண்டிக் கெடுத்த நிலத்தையும் மனிதர்கள் நினைத்தால் சீராக்கலாம் என்பதற்குத் தைப்பிங் ஒரு சாட்சி.

தூங்குமூஞ்சி மரங்களின் சாலை

தைப்பிங் ஏரியின் படம் எந்த நாள்காட்டியில் வந்தாலும் அதில் ஒரு காட்சி தவறாமல் இருக்கும். சாலையின் ஒரு பக்கம் நிற்கும் பெரிய மரங்கள், சாலைக்கு மேலே கூரை போட்டதுபோல் கிளைகளை நீட்டி, மறுபக்கத்தில் ஏரி நீரைத் தொடும்.

இவை தூங்குமூஞ்சி மரங்கள். ஆங்கிலத்தில் மழைமரம் என்று பெயர். பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. மாலை நெருங்கும்போதும் மேகம் கறுக்கும்போதும் இலைகள் தாமாக மடிந்து கொள்ளும். அதனால்தான் தமிழில் தூங்குமூஞ்சி என்றார்கள். மலாய்க்காரர்கள் புக்குல் லிமா என்கிறார்கள். அதாவது ஐந்து மணி மரம்.

இங்குள்ள மரங்களில் பழையவை 1884-ஆம் ஆண்டு நடப்பட்டவை. கணக்குப் போட்டால் 140 ஆண்டுகளைத் தாண்டுகின்றன. நம் கொள்ளுத் தாத்தாக்கள் கப்பலேறி வந்த காலத்திலேயே இவை கன்றுகளாக இங்கே நின்றன.

ஏன் எல்லாக் கிளைகளும் நீரை நோக்கிச் சாய்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் எளிது. மரம் வெளிச்சத்தைத் தேடும். ஏரியின் மேல்தான் திறந்த வானம் இருக்கிறது. வெளிச்சம் அங்கே அதிகம். ஆண்டுக்கு ஆண்டு கிளைகள் அந்தப் பக்கமே நீண்டு கொண்டு போயின.

கிளைகளின்மேல் பெரணியும் மற்ற ஒட்டுச் செடிகளும் அடர்ந்து வளர்கின்றன. மழைக்காலத்தில் அவை நீரை உறிஞ்சிக் கனத்துப் போகும். கனமான கிளைகள் முறிந்து விழுவதும் உண்டு. ஆகவே பலத்த காற்றோ இடியுடன் மழையோ வந்தால் இந்த மரங்களின் கீழே ஒதுங்கி நிற்க வேண்டாம். பூங்காவில் கூரை போட்ட ஓய்வுக் கொட்டகைகள் உண்டு. அங்கே போய்விடுங்கள்.

ஏரியைச் சுற்றி நடப்பது எப்படி?

காலை ஏழு மணிக்குத் தொடங்குவது நல்லது. அந்த நேரத்தில் மலை உச்சியில் பனிமூட்டம் இருக்கும். காற்று இல்லாத நாளில் ஏரியில் மலை தலைகீழாகத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் அந்தக் காட்சி கலைந்துவிடும்.

தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கும் கரையிலிருந்து நடக்கத் தொடங்கலாம். அங்கிருந்து ஏரிகளுக்கு இடையே செல்லும் பாதைகளில் வளைந்து போனால் சிறு பாலங்கள், அல்லி பூத்த குளம், மூங்கில் புதர்கள் ஆகியவற்றைக் கடக்கலாம். பாதை பெரும்பாலும் சமதளம். நிதானமாக நடந்தால் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். முட்டிவலி உள்ளவர்கள் முழுச் சுற்றும் நடக்கத் தேவையில்லை. மரச்சாலையை மட்டும் போய் வந்தாலே மனம் நிறையும்.

சக்கர நாற்காலியில் வருவோரையும் தள்ளுவண்டிக் குழந்தைகளையும் தார்ப்பாதை உள்ள பகுதியில் அழைத்துப் போகலாம். மழைக்குப் பிறகு பாசி பிடித்த இடங்கள் வழுக்கும். வழவழப்பான அடிப்பகுதி உள்ள செருப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

குரங்குகள் உண்டு. கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் அதில் தின்பண்டம் இருப்பதாக நினைத்துப் பறிக்க வரும். உணவு கொடுத்துப் பழக்க வேண்டாம். ஏரிக்கரையில் பெரும்பாலான இடங்களில் தடுப்பு இல்லை. இவை சுரங்கப் பள்ளங்கள் என்பதை மறக்கக்கூடாது. சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பூங்காவின் ஒரு பகுதியில் தைப்பிங் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. 1961-இல் அமைக்கப்பட்டது. ஏறக்குறைய 34 ஏக்கர். நம் நாட்டின் பழைய மிருகக்காட்சி சாலைகளுள் ஒன்று. இரவு நேர உலாவும் உண்டு. பிள்ளைகளோடு வருவோர் காலையில் ஏரி நடையை முடித்து, பசியாறிவிட்டு இங்கே வரலாம். இதற்கு மட்டும் கட்டணம் உண்டு.

பெயர் தெரியாதவர்களின் கல்லறைகள்

பூங்காவைத் தாண்டி மலைக்குப் போகும் சாலையில் சென்றால் தைப்பிங் போர்க் கல்லறை வரும். பலர் காரில் அப்படியே கடந்து போய்விடுகிறார்கள். பதினைந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தபோது வடக்கே அவர்களை எதிர்த்து நின்ற படைகளில் பெரும் பகுதி இந்திய ராணுவத்தினர். அந்தப் போரில் மாண்டவர்களைப் போர்க்களங்களிலிருந்தும் தற்காலிக இடுகாடுகளிலிருந்தும் பின்னர் இங்கே கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள். 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. அவற்றில் 500-க்கும் மேற்பட்டோரின் பெயர் இன்றுவரை தெரியாது.

சாலை இந்தக் கல்லறையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்துவ வீரர்கள். மறுபக்கம் இந்து, முஸ்லிம், சீக்கிய, கூர்க்கா வீரர்கள். புல் சீராக வெட்டப்பட்டு, கற்கள் வரிசையாக நிற்கும். பின்னால் மலை.

இங்கே நிற்கும்போது நமக்கு வேறொரு நினைவும் வரும். அதே போரில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுக்கு இப்படி வரிசையாகக் கல் நட்டு வைக்க யாரும் இல்லை. பெயர் தெரியாத போர்வீரனுக்காவது ஒரு கல் இருக்கிறது. நம் தோட்டத்துப் பாட்டன்களுக்கு அதுவும் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு இது. உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யாராவது இருந்தால் அவர் பெயரை இந்த இடத்தில் நின்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

மேக்ஸ்வெல் மலை என்ற புக்கிட் லாருட்

ஏரியில் நிழலாகத் தெரியும் மலைதான் புக்கிட் லாருட். பழைய பெயர் மேக்ஸ்வெல் மலை. பேராக்கில் துணை ரெசிடென்டாக இருந்த வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல் என்பவரின் பெயர். 1880-களில் வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்குத் தப்பி ஓய்வெடுக்க அமைத்த மலைவாசம் இது. நம் நாட்டின் மிகப் பழைய மலைவாசம். உயரம் சுமார் 1,250 மீட்டர்.

பழைய காலத்தில் குதிரையிலும் பல்லக்கு நாற்காலியிலும் மேலே போனார்கள். நாற்காலியைத் தோளில் சுமந்தவர்கள் கூலிகள். பிறகு குறுகிய சாலை வந்தது. 72 கொண்டை ஊசி வளைவுகள் என்று சொல்வார்கள். சொந்தக் காரில் ஏற அனுமதி கிடையாது. அரசாங்க லேண்ட் ரோவர் வண்டிகளில்தான் மக்கள் போய் வந்தார்கள். மண்சரிவு, சாலைச் சீரமைப்பு காரணமாக இந்தச் சேவை நீண்ட காலம் நிறுத்தப்படுவதும் உண்டு. ஆகவே அடிவாரத்துக்குப் போய் ஏமாறாமல், புறப்படும் முன்பே சாலையும் வண்டியும் உண்டா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

நடந்து ஏறுவோரும் உண்டு. பாதி வழியில் தேயிலைத் தோட்டம் என்ற இடம் வரும். ஒரு காலத்தில் உண்மையாகவே தேயிலை பயிரிட்ட இடம். இப்போது காடு மூடிவிட்டது. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உள்ளூர் மக்களில் பலர் அதுவரை ஏறி இறங்குவதையே உடற்பயிற்சியாகக் கொள்கிறார்கள். உச்சிப் பகுதிவரை நடக்க நல்ல உடல்நிலை உள்ளவருக்கே மூன்று, நான்கு மணி நேரமாகும். சாலை மிகவும் செங்குத்து. இருதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அடிவாரத்தோடு நிறுத்திக் கொள்வதே நல்லது.

ஏறுவோர் கவனத்திற்கு:

* மலை திறந்திருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். மூடியிருக்கும்போது தடுப்பைத் தாண்டிப் போகாதீர்கள்.
* காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். பிற்பகல் மழைக்கு முன் இறங்கிவிடுங்கள்.
* அட்டைகள் உண்டு. நீண்ட காலுறை அணியுங்கள். புகையிலைத் தண்ணீர் அல்லது உப்பு உதவும்.
* மேலே குளிரும். மழை அங்கி, மாற்றுச் சட்டை தேவை.
* தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆற்றுக் குளியல்

மலையிலிருந்து இறங்கும் நீரோடைகள் அடிவாரத்தில் குளிக்கும் இடங்களாக மாறியிருக்கின்றன. பர்மியக் குளம் என்று அழைக்கப்படும் இடம் மக்களிடையே பிரபலம். பெரிய பாறைகளுக்கு இடையே தெளிந்த, குளிர்ந்த நீர் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் பாயும் சோற்றுப் பாத்திரமுமாக வந்து இறங்கிவிடும்.

மகிழ்ச்சியான இடம்தான். ஆனால் உயிரைப் பறிக்கவும் கூடும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை பெய்திருக்கும். சில நிமிடங்களில் வெள்ளம் திரண்டு வந்துவிடும். இதைத்தான் மலாய் மொழியில் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். நம் நாட்டு ஆறுகளில் பல குடும்பங்களை இழந்திருக்கிறோம்.

அடையாளங்கள் இவை. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும். இலையும் குச்சியும் அதிகமாக மிதந்து வரும். நீரின் ஓசை மாறும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையையும் பாத்திரத்தையும் எடுக்க நிற்காமல் உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள். மலை மேல் கறுத்திருந்தால் அன்று நீரில் இறங்கவே வேண்டாம்.

மழை எப்போது?

மேற்கே கடல். கிழக்கே மலை. கடலிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் மோதி மேலே எழும்பிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. அதனால் தீபகற்பத்தில் மிக அதிகமாக மழை பெறும் நகரங்களுள் தைப்பிங் முதன்மையானது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். இன்று எத்தனை மணிக்கு மழை பெய்யும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்கள் என்றும் சொல்வதுண்டு.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கூடுதல். பொதுவாக மழை பிற்பகலில் வரும். ஆகவே வெளியில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் காலையில் முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் நகருக்குள் வந்துவிடுவது புத்திசாலித்தனம். குடை கட்டாயம்.

மழைக்கு ஒதுங்க நகரில் நல்ல இடங்கள் உள்ளன. 1883-இல் தொடங்கப்பட்ட பேராக் அரும்பொருளகம் நாட்டிலேயே மிகப் பழையது. அதன் எதிரே 1879-இல் கட்டப்பட்ட சிறைச்சாலை. அதைச் சாலையிலிருந்து பார்ப்பதோடு சரி. மழை விட்டதும் ஒரு செண்டோல். தைப்பிங் போய் செண்டோல் சாப்பிடாமல் திரும்புவது வழக்கமில்லை.

ரயில் பாதையும் தமிழ்ப் பெயர்ப் பலகையும்

நேரம் இருந்தால் கோலா செப்பெத்தாங் வரை போய் வாருங்கள். பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885 ஜூன் முதல் தேதி மலாயாவின் முதல் ரயில் ஓடியது தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையில்தான். எட்டு மைல் தூரம். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு போகப் போட்ட பாதை. அதை அமைக்க இலங்கையிலிருந்து பயனீர் தொழிற்படையினர் தருவிக்கப்பட்டார்கள்.

தண்டவாளங்கள் இப்போது இல்லை. நிலையத்தின் பெயர்ப் பலகை கோலா செப்பெத்தாங்கில் நிற்கிறது. அதில் மற்ற மொழிகளோடு தமிழும் இருக்கிறது. ரயில் வேலையில் தமிழர்கள் எத்தனை பேர் இருந்திருந்தால் பலகையில் தமிழ் ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளை அதன் அருகில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். அங்கேயே மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் மரநடைபாதையும் உண்டு.

போய்ச் சேர

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயிலில் தைப்பிங்குக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். நிலையத்திலிருந்து ஏரிப் பூங்கா இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். கிராப் வண்டி கிடைக்கும். விடுமுறைக் காலத்தில் ரயில் சீட்டு விரைவில் முடிந்துவிடும். முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சாலை வழியாக வருவோருக்குப் பிளஸ் நெடுஞ்சாலை.

ஒரு நாள் மட்டும் இருந்தால் இப்படித் திட்டமிடலாம். காலை ஏழு மணிக்கு ஏரி நடை. ஒன்பதுக்குப் பசியாறல். பத்துக்குப் போர்க் கல்லறை, அடுத்து மிருகக்காட்சி சாலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரும்பொருளகம். மாலையில் கோலா செப்பெத்தாங். இரண்டாம் நாளும் இருந்தால் மலை ஏற்றம்.

இருப்பதைக் காப்பது

2019-இல் பெர்லின் நகரில் நடந்த சுற்றுலாக் கண்காட்சியில் நிலைத்தன்மைமிக்க நகரங்களுக்கான பிரிவில் தைப்பிங்குக்கு உலக அளவில் மூன்றாவது இடம் கிடைத்தது. பெருமைதான். ஆனால் பெருமையோடு பொறுப்பும் வருகிறது.

மரங்கள் முதுமை அடைந்துவிட்டன. ஒவ்வொரு பெரும் காற்றுக்கும் ஒரு கிளை போகிறது. புக்கிட் லாருட்டில் கேபிள் கார் அமைக்கும் யோசனையும் பேசப்பட்டு வருகிறது. முதியவர்களும் மலையைப் பார்க்க முடியும், வேலை வாய்ப்பு கிடைக்கும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. மழை அதிகமுள்ள மலையில் காட்டைத் தொட்டால் சரிவு வரும், ஏரிக்கும் ஊருக்கும் வரும் நீர் கெடும் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டையும் கேட்டு முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்த மலையடிவாரத்தில் வாழும் மக்களே. அவர்களில் நாமும் இருக்கிறோம்.

ஏரியைச் சுற்றி நடப்பவர்கள் செய்யக்கூடியது எளிது. கொண்டு போன பொட்டலத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள். மரத்தில் பெயர் செதுக்காதீர்கள். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். 140 ஆண்டுகளுக்கு முன் யாரோ நட்ட மரத்தின் நிழலில்தான் இன்று நாம் நடக்கிறோம். நம் பேரப் பிள்ளைகளும் அந்த நிழலில் நடக்க வேண்டும்.